‘காஸ்மோஸ்’ தொடரைப் பார்ப்பது எப்படி: ஒரு நோட்டு, ஒரு குச்சி, 13 வாரங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே மூச்சில் பார்த்துவிடாதீர்கள். கார்ல் சேகனின் ‘காஸ்மோஸ்’ மொத்தம் 13 பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம், சனியும் ஞாயிறும் உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்றுதான் கணக்குப் போடத் தோன்றும். அப்படி முடித்த நண்பர்கள் சிலரிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்டுப் பார்த்தேன். இசை நன்றாக இருந்தது, அந்த மனிதர் பேசுகிற விதம் பிடித்திருந்தது என்றார்கள், அதற்கு மேல் மனதில் எதுவும் தங்கவில்லை. 1980 செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவின் பிபிஎஸ் பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கி வாரம் ஒன்றாக வந்த தொடர் இது. நடுவில் ஏழு நாள் இருந்தது, அந்த ஏழு நாளில் யோசிக்கலாம், சாப்பிடும்போது வீட்டில் யாரிடமாவது பேசலாம், வாக்குவாதம்கூடச் செய்யலாம். அந்த இடைவெளியைச் சேர்த்துத்தான் ஒரு பகுதி முழுமையாகிறது என்பது என் கருத்து.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சேகன் 1934-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியர், செவ்வாய்க்குப் போன வைக்கிங், வியாழனையும் சனியையும் தாண்டிப் போன வாயேஜர் ஆகிய விண்கலத் திட்டங்களில் வேலை செய்தவர், 1996-ல் காலமானார். ஆன் ட்ருயனும் ஸ்டீவன் சோட்டரும் அவரோடு சேர்ந்து தொடரை எழுதினார்கள். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது, நேரம் என்றால் என்ன, வேறெங்காவது உயிர் இருக்கிறதா, நாம் பிழைத்திருப்போமா என்பது மாதிரியான கேள்விகள்தான் 13 வாரமும். இதே பெயரில் நீல் டிகிராஸ் டைசன் நடத்திய தொடர்கள் 2014-லும் 2020-லும் வந்தன, கிராஃபிக்ஸ் அதில் பிரமாதம். ஆனாலும் பழையதையே முதலில் பாருங்கள் என்பேன். பழையதில் சேகன் ஒரு அட்டையை எடுத்து வளைக்கிறார், ஒரு ஆப்பிளை நறுக்குகிறார், அவ்வளவுதான். அவர் செய்கிற பாதி விஷயத்தை நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே செய்துவிடலாம். நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவை எட்டாவது படிக்கும் என் மகளோடு. கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்றாவது தடவையில் கற்றுக்கொண்டவை.

நோட்டும் மூன்று குறிகளும்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பகுதியையும் போடுவதற்கு முன்னால், அந்தப் பகுதியின் கேள்வியை ஒரே வரியில் எழுதி, கீழே உங்கள் பதிலையும் எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு எழுதக்கூடாது, முன்னாலேயே எழுத வேண்டும், அதுதான் முக்கியம். எட்டாவது பகுதிக்கு முன் நான் எழுதிய கேள்வி: “எல்லோருக்கும் நேரம் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறதா?” என் மகள் “ஆமாம், பரீட்சை ஹாலைத் தவிர” என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு சேகன் இத்தாலியில் ஸ்கூட்டர் ஓட்டும் ஒரு பையனை வைத்து, ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பினால் ஊரில் எல்லோருக்கும் வயதாகியிருக்கும் என்று காட்டியபோது, அவள் தன் பதிலை அடித்துவிட்டு வேறு எழுதினாள். அடித்த பதில்தான் நோட்டில் எனக்குப் பிடித்த இடம். நமக்கென்று ஒரு பதில் இல்லாமல் உட்கார்ந்தால் அவர் சொல்வதெல்லாம் சரியென்று தலையாட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும்.

பார்க்கும்போது ஓரத்தில் மூன்று குறி போடுங்கள். உறுதியாகத் தெரிந்த விஷயத்துக்கு ‘தெ’, அறிஞர்களின் யூகத்துக்கு ‘யூ’, சேகனின் சொந்தக் கருத்துக்கு ‘க’. இது சின்ன வேலையாகத் தோன்றும், ஆனால் இந்தத் தொடரில் மூன்றும் ஒரே குரலில், ஒரே இசையோடு வருகின்றன, அதனால் பிரித்துப் பார்க்கிற வேலையை நாம்தான் செய்ய வேண்டும். சேகனே பல இடங்களில் “இருக்கலாம்”, “நமக்குத் தெரியாது” என்று சொல்லிவிடுவார், காது கொடுத்துக் கேட்டால் போதும்.

அப்புறம் வேகம். அவர் நிதானமாகப் பேசுகிறார் என்று ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடாதீர்கள். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் கிரேக்கப் பெயர்கள் காதில் பிடிபடாது. கடைசியில் எழுத்து ஓடும்போது அணைத்துவிடவும் வேண்டாம். சுமார் பத்து வருடம் கழித்து மறுபடி ஒளிபரப்பியபோது, சில பகுதிகளின் முடிவில் சேகனே வந்து, இதற்குப் பிறகு என்னவெல்லாம் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார். சில பதிப்புகளில் அது இருக்கிறது.

எங்கே தொடங்குவது

வரிசைப்படி ஒன்றிலிருந்து போவதுதான் சரி, ஆனால் வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஏழாவது பகுதியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அதில் சேகன் தான் வளர்ந்த புரூக்ளின் தெருவுக்கே போகிறார். சிறுவனாக இருந்தபோது நட்சத்திரம் என்றால் என்ன என்று யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, நூலகத்தில் போய் நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் கேட்டால் சினிமா நட்சத்திரங்களின் படப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் சரியான புத்தகம் கைக்கு வந்து, சூரியனும் ஒரு நட்சத்திரம்தான், பக்கத்தில் இருக்கிறது அவ்வளவே என்று படித்தபோது உலகமே பெரிதாகிவிட்டது என்கிறார். பிறகு ஒரு வகுப்பறைக்குள் போய்க் குழந்தைகளுக்குக் கிரகங்களின் படங்களைக் கொடுக்கிறார். அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்த பிறகு, உங்கள் வீட்டுக் குழந்தை மீதி பன்னிரண்டையும் தானாகவே கேட்கும்.

நாலு, ஐந்து, ஆறு மூன்றும் வெள்ளி, செவ்வாய், வியாழன் என்று கிரகங்களைப் பற்றியவை. அழகானவைதான், ஆனால் தகவல் பழையது, செவ்வாயில் அப்புறம் எத்தனையோ ஊர்திகள் ஓடிவிட்டன. நேரம் குறைவாக இருந்தால் இவற்றைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

முதல் பகுதி: குச்சியும் காலண்டரும்

இங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். 2,200 வருடங்களுக்கு முன்னால், எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் எரட்டோஸ்தனிஸ் என்பவர் ஒரு செய்தியைப் படிக்கிறார்: தெற்கே சையீனில், இன்றைய அஸ்வானில், வருடத்தின் மிக நீண்ட பகல் அன்று நண்பகலில் செங்குத்தான பொருளுக்கு நிழல் விழுவதில்லை. அதே நாளில் அலெக்ஸாண்ட்ரியாவில் நிழல் விழுந்தது, கோணம் சுமார் 7 டிகிரி. வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர், அதை ஐம்பதால் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர், பூமியின் சுற்றளவு முடிந்தது. சேகன் எகிப்தின் வரைபடம் ஒட்டிய அட்டையில் இரண்டு குச்சிகளை நிறுத்தி, அட்டையை வளைத்துக் காட்டுவார். வளைக்கும்போது ஒரு நிழல் நீள்வதைப் பாருங்கள்.

இதைப் பார்த்துவிட்டு விட்டுவிடாமல் செய்து பாருங்கள். தெற்கு வடக்காகத் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்கள் வேண்டும், இன்னொரு ஊரில் சொன்னால் செய்கிற ஒரு ஆள் வேண்டும். நாங்கள் சென்னையில் மொட்டை மாடியில், என் மச்சான் நாகர்கோவிலில் அவர் வீட்டு வாசலில். இரண்டு பேரிடமும் ஒரு மீட்டர் குச்சி. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும், தப்பு நடப்பதே இங்கேதான். காலை 11.45-லிருந்து 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி. இரண்டு ஊரிலும் ஒரே கடிகார நேரத்தில் அளக்கக்கூடாது, அந்தந்த ஊரில் நிழல் எப்போது மிகவும் குட்டையாகிறதோ அதுதான் அந்த ஊரின் நண்பகல், அந்த நீளம்தான் கணக்கு. மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாக வரும் நாளை ஒட்டிச் செய்தோம், சென்னையில் 23.5 சென்டிமீட்டர், நாகர்கோவிலில் 14.

கோணம் கண்டுபிடிக்க, நிழல் நீளத்தைக் குச்சி நீளத்தால் வகுத்து, போன் கால்குலேட்டரில் டேன் தலைகீழ் (tan⁻¹) போட வேண்டும். குழந்தையோடு செய்தால் வரைபடத்தாளில் சின்ன அளவில் குச்சியையும் நிழலையும் வரைந்து பாகைமானியை வைத்தே அளக்கலாம். எங்களுக்கு வித்தியாசம் 5.25 டிகிரி வந்தது. தூரத்துக்கு சாலைக் கணக்கை எடுக்காதீர்கள். சென்னையிலிருந்து நாகர்கோவில் சாலையில் 700 கிலோமீட்டருக்குப் பக்கம், ஆனால் நாகர்கோவில் மேற்கே தள்ளியிருக்கிறது, நமக்கு வேண்டியது நேர் தெற்கு வடக்குத் தூரம் மட்டும், அது சுமார் 540. கணக்குப் போட்டால் 37,000 கிலோமீட்டர். உண்மை அளவு 40,000. குச்சிகளில் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும், அரை சென்டிமீட்டர் பிசகு இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். மச்சான் தொலைபேசியிலேயே “நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து பூமியையே அளந்துட்டோம்டா” என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை செய்யாதீர்கள். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, நடுவில் நிழல் தெற்கே விழும், கணக்கில் குழம்பிவிடுவீர்கள். செப்டம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை நல்லது.

நோட்டில் ‘யூ’ குறி போட வேண்டிய இடம் ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது, அதை என் மகள்தான் பிடித்தாள். பூமி தட்டையாக இருந்து, சூரியன் பக்கத்தில் இருந்தாலும் இரண்டு நிழலும் வேறுபடுமே? ஆமாம், வேறுபடும். சூரியன் மிகத் தொலைவில் இருக்கிறது, அதன் கதிர்கள் இணையாக வருகின்றன என்று ஏற்றுக்கொண்டால்தான் கணக்கு நிற்கும். சேகன் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். மூன்றாவதாக ஒரு ஊரிலும் அளந்தால் எது சரியென்று பிரித்துவிடலாம். அதனால் ஹைதராபாத்தில் யாராவது தெரிந்தவர் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே பகுதியில் வருகிற இன்னொன்று காஸ்மிக் காலண்டர், பிரபஞ்சத்தின் மொத்த வயதையும் ஒரே வருடமாகச் சுருக்குவது. புத்தாண்டுக்குக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர் ஒன்று பழையதாக வீட்டில் கிடக்கும், அதை எடுத்துச் சுவரில் மாட்டி பேனாவால் குறியுங்கள். சேகன் 1,500 கோடி வருடம் என்று வைத்துச் சொல்கிறார். இன்றைய கணக்கு 1,380 கோடி, அதை வைத்தே போடுங்கள். ஒரு நாள் என்பது சுமார் 3.8 கோடி வருடம், ஒரு நொடி என்பது சுமார் 437 வருடம். பூமி செப்டம்பர் முதல் வாரத்தில் உருவாகிறது. டைனோசர்கள் டிசம்பர் 30 விடிகாலையில் அழிகின்றன. நம் மனித இனம் டிசம்பர் 31 இரவு 11.48-க்கு வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் எங்கே என்று கணக்குப் போடச் சொன்னேன், நள்ளிரவுக்கு இரண்டேகால் நொடி முன்னால் வந்தது. சுவரில் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எட்டு மாதத் தாள்கள் கிட்டத்தட்ட வெறுமையாகத் தொங்குவதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

இரண்டும் மூன்றும்: நம்பியதை விடுவது

இரண்டாவது பகுதியில் ஜப்பானின் ஹெய்க்கே நண்டு வருகிறது. 1185-ல் டான்-நோ-உரா கடல் போரில் தோற்ற சாமுராய்களின் முகம் நண்டின் ஓட்டில் தெரிகிறது, மீனவர்கள் முகம் மாதிரி இருக்கும் நண்டுகளை மறுபடி கடலில் போட்டுவிட்டதால் அந்த முகம் தலைமுறை தலைமுறையாகத் தெளிவாகிக்கொண்டே வந்தது என்கிறார் சேகன். கேட்க அற்புதமான கதை. ஆனால் உயிரியலாளர்கள் இதை ஏற்பதில்லை. அந்த நண்டு ரொம்பச் சின்னது, சாப்பிடவே பிடிப்பதில்லை. ஓட்டில் இருக்கும் மேடு பள்ளங்கள் உள்ளே தசை ஒட்டியிருக்கும் இடங்கள், அதே மாதிரி அமைப்பு வேறு இடங்களில் இருக்கும் அதன் உறவுக்கார நண்டுகளிலும் இருக்கிறது. ஆக, நண்டுக்கு ‘யூ’. மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் உயிர்கள் மாறியிருக்கின்றன என்பதற்கு நாயும் மாடும் நெல்லும் இருக்கின்றன, அதற்கு ‘தெ’. ஒரு உதாரணம் விழுந்துவிட்டால் கருத்தே விழுந்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை, இதைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மூன்றாவதில் சேகன் நியூயார்க் செய்தித்தாள்கள் இரண்டை எடுத்து, ஒரே நாளுக்கு ஒரே ராசிக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் படிப்பார். இதை நம் வீட்டில் செய்வது ரொம்பச் சுலபம், ஒரே நாளின் தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டை வாங்கி அதே ராசியைப் படித்து நோட்டில் ஒட்டிவிடுங்கள். பெரியவர்கள் மனம் நோகாதபடி செய்யுங்கள், எங்கள் வீட்டில் என் அம்மாவே தன் ராசியை எடுத்துக் கொடுத்து, படித்துவிட்டு யோசனையாக உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அந்தப் பகுதியின் உயிர் கெப்ளர் என்ற ஜெர்மன் வானியலாளர். கிரகங்கள் வட்டத்தில்தான் சுற்ற வேண்டும், வட்டம்தான் கடவுளுக்கு உகந்தது என்று உளமார நம்பியவர். டைக்கோ பிராஹே என்ற வானியலாளர் பல வருடம் அளந்து வைத்த செவ்வாயின் நிலைகளோடு தன் வட்டத்தைப் பொருத்திப் பார்க்கிறார், 8 கலை வித்தியாசம் வருகிறது. கலை என்றால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒன்று. 8 கலை எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் முழு நிலாவைப் பாருங்கள், அதன் அகலத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அவ்வளவுதான். அந்த நாலில் ஒரு பங்குக்காக, வருடக்கணக்கில் நேசித்த வட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நீள்வட்டத்துக்குப் போனார், 1609-ல் வெளியிட்டார். முழு நிலா நாளில் மாடிக்குப் போய் அந்தக் கால் பங்கைக் கண்ணால் அளந்து பாருங்கள். இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது.

பத்தாவது பகுதி: நம் ஊர் வருகிறது, கவனமாகக் கேளுங்கள்

பிரபஞ்சம் விரிகிறது என்பதைப் பற்றிய பகுதி. திடீரென்று ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்துப் பொங்கல் திரையில் வரும், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் வரும், நடராஜர் வெண்கலச் சிலை வரும். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், கும்பகோணத்துக்குப் பக்கம். அமெரிக்கத் தொடரில் நம் ஊரைப் பார்க்கிற சந்தோஷத்தில் அவர் பேசுவது காதில் விழாமல் போய்விடும், அதனால் இந்த ஐந்து நிமிடத்தை இரண்டு தடவை பார்த்துவிடுங்கள்.

பிரபஞ்சம் பிறந்து அழிந்து மறுபடி பிறந்துகொண்டே இருக்கிறது என்ற எண்ணம் இந்து மதத்தில் இருக்கிறது, பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் 864 கோடி வருடம் என்று அவர் சொல்கிறார். இந்தப் பகுதிதான் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது, நம் முன்னோர் எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சேகனே ஒப்புக்கொண்டார் என்ற தலைப்போடு. அவர் சொன்னது என்னவென்றால், இந்தக் கால அளவுகள் நவீன அறிவியலின் அளவுகளோடு ஒத்துப்போவது சந்தேகமில்லாமல் தற்செயல். அந்த ‘தற்செயல்’ என்ற ஒரு சொல் பகிர்வுகளில் காணாமல் போய்விடுகிறது. அந்தக் கற்பனையின் பிரம்மாண்டத்தை அவர் மனதார வியக்கிறார், அதைச் சோதனைக்கு உட்பட்ட அறிவியல் என்று அவர் சொல்லவில்லை. இரண்டுக்கும் வேறு வேறு குறி போடுங்கள். நம்மைப் புகழ்கிற இடத்தில் குறி போடுவதுதான் மிகவும் கஷ்டம்.

விரிகிற பிரபஞ்சம் ஒரு நாள் நின்று மறுபடி சுருங்குமா என்ற கேள்வியை 1980-ல் சேகன் திறந்தே வைத்துவிட்டுப் போகிறார். 1998-ல் இரண்டு குழுக்கள் தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, அளந்து, விரிவு வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது என்று கண்டுபிடித்தன, 2011-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. சுருங்கும் என்ற பக்கம் அதனால் வலுவிழந்துவிட்டது. பார்த்து முடித்ததும் நோட்டில் தேதியோடு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நாலாவது பரிமாணம் வருவதும் இதில்தான். தட்டை உலகத்தில் வாழ்கிற உயிர்களிடம் ஒரு ஆப்பிள் போனால் அவர்களுக்கு என்ன தெரியும் என்று காட்டிவிட்டு, ஒரு கனசதுரத்தின் நிழலைக் காட்டுவார். இதைச் செய்து பார்க்கத் துடைப்பத்திலிருந்து பன்னிரண்டு ஈர்க்குச்சி போதும். சமமாக ஒடித்து, முனைகளைச் சப்பாத்தி மாவு உருண்டையில் குத்தி ஒரு பெட்டி செய்யுங்கள், விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைப் பக்கத்தில் நேராகப் பிடியுங்கள். சுவரில் சதுரத்துக்குள் சதுரம் விழும், மூலைகள் சேர்ந்திருக்கும். நிஜத்தில் எல்லாப் பக்கமும் சமம், நிழலில் சமமில்லை. இதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு, அவர் கையில் எடுக்கிற அந்தக் கனசதுரத்துக்குள் கனசதுரம், நாலு பரிமாணப் பொருளின் நிழல், சட்டென்று புரியும். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தோம், மாவு காய்ந்து உதிர்கிற வரை.

பன்னிரண்டும் பதின்மூன்றும் சேர்த்து

இவை இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்க்கலாம், இங்கே மட்டும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டில் ட்ரேக் சமன்பாடு. நம் பால்வெளியில் பேசக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுகிற முறை. அவர் எண் சொல்வதற்கு முன்னால் நிறுத்தி, உங்கள் எண்களை எழுதுங்கள். அவருடைய கணக்கு இப்படிப் போகிறது: நட்சத்திரங்கள் 40,000 கோடி. நாலில் ஒன்றுக்குக் கிரகங்கள், 10,000 கோடிக் குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் உயிருக்கு ஏற்றவை இரண்டு, 20,000 கோடி. பாதியில் உயிர் தோன்றும், 10,000 கோடி. நூற்றில் ஒன்றில் அறிவும் தொழில்நுட்பமும், 100 கோடி. கடைசி எண், அந்த நாகரிகம் எவ்வளவு காலம் தன்னை அழித்துக்கொள்ளாமல் இருக்கும் என்பது. நம்மைப் போல் கொஞ்ச காலமே தாங்கும் என்று வைத்தால் மொத்தம் பத்துதான் மிஞ்சும். நூற்றில் ஒன்று தப்பிப் பிழைத்து நீடித்தால் ஒரு கோடி.

பத்தா ஒரு கோடியா என்பதைத் தீர்மானிப்பது வானியல் இல்லை, அரசியலும் மனித குணமும். அறிவியல் கேள்வியாகத் தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். அணு ஆயுதப் போரைப் பற்றிய பதின்மூன்றாவது பகுதிக்கு இங்கிருந்துதான் போகிறார். இன்னொரு விஷயம், அன்று வேறு எந்த நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரு கிரகம்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை, அந்த நாலில் ஒன்று வெறும் யூகம். 1992-ல் முதல் கண்டுபிடிப்பு, 1995-ல் சூரியனைப் போன்ற நட்சத்திரத்தைச் சுற்றி ஒன்று, அப்புறம் கெப்ளர் விண் தொலைநோக்கி 2009 முதல் ஆயிரக்கணக்கில். இன்று பெரும்பாலான நட்சத்திரங்களுக்குக் கிரகங்கள் உண்டு என்று தெரியும். நோட்டில் ‘யூ’வை அடித்துவிட்டு ‘தெ’ போடுகிற சந்தோஷம் இங்கே கிடைக்கும்.

பதின்மூன்றில் ஹைபேஷியா என்ற கணித அறிஞரின் கொலையையும் அலெக்ஸாண்ட்ரியா நூலகத்தின் அழிவையும் அவர் ஒரே கதையாகச் சொல்வார். 415-ல் அந்தக் கொலை நடந்தது உண்மை, ஒரு கும்பல்தான் கொன்றது. ஆனால் அந்தப் பெரிய நூலகம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தேய்ந்துவிட்டது என்றுதான் வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், ஒரே நாள் தீயில் போனதில்லை. சேகன் வருத்தத்தில் வேகமாக இணைத்துவிட்டார். அவரை எனக்கு எவ்வளவு பிடித்தாலும் அந்த இடத்தில் என் நோட்டில் ‘க’ என்றுதான் இருக்கிறது, அவர் கற்றுக்கொடுத்தபடிதான் போட்டேன்.

முடித்ததும் அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர். மார்கன் ஃப்ரீமன் நடத்திய ‘த்ரூ தி வார்ம்ஹோல்’ 2010 முதல் 2017 வரை வந்தது, ஒரு பகுதிக்கு ஒரு பெரிய கேள்வி, வேகமாகப் போகும், கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ராபர்ட் லாரன்ஸ் குன் 2000 முதல் நடத்திவரும் ‘க்ளோசர் டு ட்ரூத்’ அதற்கு நேர் எதிர். உணர்வு என்றால் என்ன, கடவுள் இருக்கிறாரா என்று ஒரே கேள்வியைப் பல அறிஞர்களிடம் மாற்றி மாற்றிக் கேட்பார், பதில் கிடைக்காமலே முடியும். மூன்று குறி போட்டுப் பழகியவர்களுக்கு இது விருந்து.

எப்போது தொடங்குவது என்றால், நவம்பர் இரண்டாவது வாரத்தில் தொடங்குங்கள். வாரம் ஒன்று என்று போனால் பத்தாவது பகுதி சரியாகப் பொங்கல் வாரத்தில் வந்து நிற்கும். நவம்பரில் சென்னைப் பக்கம் மழை, வெயில் இருக்காது, குச்சி வேலையை ஜனவரிக்குத் தள்ளிவிடலாம், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு மீட்டர் குச்சியும் நூலும் ஒரு துண்டு சாக்பீஸும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.